பதினாறாம் எண்

ஜூலையில் சட்டை கொடுத்தார்கள்.
எனக்குப் பதினாறு. மாற்று கோல்கீப்பர்.
அதாவது தண்ணீர் பாட்டில், ஐஸ் பை,
ஒன்பது பேருடைய மணிபர்ஸ்.

ஊட்டியில் ஜூலை மைதானம் மைதானமே இல்லை.
வடக்குக் கோலுக்கு முன்னால் ஒரு குளம்,
குளத்தில் ஒரு கொக்கு.
மிக்கேல் சார் தூத்துக்குடிக்காரர்.
குரங்குக் குல்லாயைக் கழற்றாமலே விசில் ஊதுவார்.
கம்பளிக்குள்ளிருந்து ஒரு தவளை கூப்பிடும்,
நாங்கள் ஓடுவோம்.

முதல் ஆட்டம் இங்கேயே. இரண்டு பூஜ்யம், தோல்வி.
இரண்டாவது கோல் எப்படி விழுந்ததென்று
அடித்தவனுக்கே தெரியாது.
மூடுபனி விலகியபோது பந்து உள்ளே கிடந்தது.
பெள்ளி கம்பத்தில் கைவைத்து நின்றிருந்தான்,
கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி.

அடுத்தது மேட்டுப்பாளையம்.
பயணப்படி வரவில்லை.
எங்களில் ஆறு பேர் கேத்திப் பள்ளத்தில்
நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு
நடுராத்திரி கேரட் பிடுங்குகிறவர்கள்.
கேப்டன் ஹாலன் போய் ஹனீபா அண்ணனிடம் பேசினான்:
மூட்டை ஏற்றித் தருகிறோம்,
மூட்டைமேல் உட்கார்ந்து வருகிறோம்.

நூற்றிருபது மூட்டை, பதினெட்டுப் பேர்.
பர்லியாறு வளைவில் காது அடைத்தது,
அடுத்த வளைவில் திறந்தது,
அதற்கடுத்ததில் மாயழகு வாந்தி எடுத்தான்.
கீழே வெயில், பேக்கரி அடுப்பை
யாரோ மூட மறந்ததுபோல.
முதல் பாதிக்குள் நாலு பேருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
நாலு பூஜ்யம்.
கைகுலுக்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்:
ஈரமண், கேரட், ஈரமண்.
திரும்புகையில் லாரி காலி.
ஹனீபா அண்ணன் ஒன்றுதான் கேட்டார்.
"எத்தனை?"
சொன்னோம்.
குன்னூர் வரும்வரை அவர் பாட்டுப் போடவில்லை.

மூன்றாவது டிரா. நான்காவது தோல்வி.
எழுத ஒன்றுமில்லை.

ஐந்தாவதில் காட்டெருமை வந்தது.
முப்பத்தோராவது நிமிடம், தேயிலைப் பக்கமிருந்து,
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை மாட்டி,
யாரோ மாற்று ஆட்டக்காரன் போலவே வந்து
பெனால்டி பெட்டிக்குள் படுத்துக்கொண்டது.
நடுவர் பையிலிருந்த மஞ்சள் அட்டையைத் தடவிப் பார்த்தார்.
நாற்பது நிமிடம்.
பொள்ளாச்சிப் பையன்கள் செல்ஃபி எடுத்தார்கள்,
பிறகு நடுங்கினார்கள்,
பிறகு ஒவ்வொருவராகச் சால்வைக்குள் போனார்கள்.
எங்களவர்கள் அது அசைபோடுவதைப் பார்த்தபடியே
நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.
அது எழுந்து போனது.
பதினொரு நிமிடத்தில் மூன்று கோல்.
மாயழகு இரண்டு, ஹாலன் ஒன்று.
என் கையிலிருந்த ஒன்பது மணிபர்ஸும்
சேற்றில் விழுந்ததை
ஆட்டம் முடிந்துதான் பார்த்தேன்.

ஆறாவதும் ஜெயித்தோம், எதிரணி வராததால்.

ஏழாவதுக்கு முந்தின இரவு
கேரட் கழுவும் மெஷினில் சிக்கியது
பெள்ளியின் சுண்டுவிரல்.
கோவையில் அவன் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.
உள்ளே இன்னும் ஈரம்.
ஒன்பது தடுத்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன்.
எண்ணியிருக்கக் கூடாது.
பத்தாவது எனக்கும் கம்பத்துக்கும் நடுவே
ஒரு சாண் இடத்தில் போனது.
கோட்டுக்கு வெளியே
எங்கள் பாட்டில்களோடு பெள்ளி.
கட்டுப்போட்ட கையால்
ஒரு மூடியும் அவனால் திறக்க முடியவில்லை.

"எத்தனை?"
"ஒண்ணு."
முதல்முறையாக இரண்டாவது கேள்வி கேட்டார்:
"கீப்பர் யாரு?"
மூட்டைச் சாக்குகளுக்கிடையே யாரும் பேசவில்லை.
பாட்டுப் போட்டார். எனக்குப் பிடிக்காத பாட்டு.
கல்லாறு தாண்டி
எல்லோரும் பாடினார்கள்.

இப்போது ஜனவரி. விடிகாலை.
கேரட் முடிந்து மைதானம் வழியாக வருகிறேன்.
வடக்குக் கோல் முன்னால் சேறு இறுகி,
ஸ்டட் குழிகள் ஒவ்வொன்றிலும் உறைபனி,
உப்பு நிரப்பி வைத்ததுபோல்.
மாயழகு திரும்பிய இடம் தெரிகிறது.
பெள்ளி சறுக்கிய நீளம் தெரிகிறது.
காட்டெருமைக் குளம்பு தெரிகிறது.
என்னுடையது ஒன்றுகூட இங்கே இல்லை.
அது கோவையில், புழுதியில்.

சட்டையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
சார் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
ஸ்வெட்டருக்குள் போட்டிருக்கிறேன்.